ஜனவரி 20 தேதியிட்ட பில்: ஒரு திருப்பூர் ஆடிட்டரின் செப்டம்பர் குறிப்புகள்

செப்டம்பர் 15, 2025, திங்கள்

தனிநபர் வருமான வரி ரிட்டர்ன் தாக்கலுக்கு இன்றே கடைசி நாள். பிற்பகல் முதல் வரித் துறையின் இணையதளம் திணறியது. ஜூலை 31 ஆக இருந்த கெடு ஏற்கெனவே இன்றைக்குத் தள்ளிப்போயிருந்தது. நள்ளிரவு நெருங்கும்போது இன்னும் ஒரு நாள் நீட்டித்ததாக அறிவிப்பு. மாலையிலேயே சொல்லியிருக்கலாம். என்னிடம் ஆர்டிகிள்ஷிப் (ஆடிட்டர் பயிற்சி) செய்யும் மாணவிக்கு இது முதல் செப்டம்பர். கடைசி பஸ் போய்விட்டதால் அவளை அவிநாசியில் நானே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் தூங்கினாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

பன்னிரண்டு வருடப் பழக்கமுள்ள ஏற்றுமதியாளர் வந்தார். தையல் ஜாப் ஒர்க் பில்கள் 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்; தேதி ஜனவரி 20. பணம் கொடுத்தது ஏப்ரல் 28. தைத்துக் கொடுத்தவர் இருபது மெஷின் வைத்திருக்கும் பெண்மணி, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு பெற்றவர். வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவின்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் போயிருக்க வேண்டும். தவறினால், பணம் கொடுத்த நிதியாண்டில்தான் அது செலவாகக் கழியும். கூடுதல் வரி மூன்றரை லட்சத்துக்கு மேல்.

"பில் தேதியை மார்ச் 20 ஆக்கிவிடலாம் மேடம், அந்தம்மா மறுக்க மாட்டார்" என்றார்.

மறுக்க மாட்டார்தான். மறுத்தால் அடுத்த ஆர்டர் கிடைக்காது. மூன்று மாதம் கடன் வாங்கி ஆட்களுக்கு வாரச் சம்பளம் போட்டவர் அவர். அந்தச் சுமைக்காகத்தான் இந்தச் சட்டமே வந்தது. அவருடைய ஜிஎஸ்டி கணக்கில் பில் ஜனவரி மாதத்திலேயே ஏறியிருக்கிறது என்று காட்டினேன். ஏறாமல் இருந்திருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. தணிக்கை அறிக்கைப் படிவமான 3சிடி-யின் 22ஆம் பத்தியில் அந்தத் தொகை வந்தாக வேண்டும். கீழே இருப்பது என் கையெழுத்து.

ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியால் ஏற்றுமதியாளரின் சரக்கு தேங்கி நிற்கிறது. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எழுந்து போகும்போது டீயைத் தொட்டிருக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் இன்று அமலுக்கு வந்தன. 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. பழைய ஸ்டாக்குக்கு எந்த விகிதம் என்று காலை முதல் ஓயாத போன். தணிக்கைக் கோப்பு ஒன்றுகூட நகரவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

தணிக்கை அறிக்கைக்கு அக்டோபர் 31 வரை அவகாசம். நேற்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றமும் இதையே சொல்லியிருந்தது. மாணவிக்கு இரண்டு நாள் விடுப்பு கொடுத்தேன். இப்படிக் கடைசி வாரத்தில் வரும் நீட்டிப்பு எங்களுக்கு ஓய்வு தருவதில்லை. அதற்குள் உடம்பு களைத்துவிடுகிறது. ஆகஸ்டிலேயே அறிவித்தால் கணக்கை நிதானமாகப் பார்க்கலாம், தவறும் குறையும்.

செப்டம்பர் 29, திங்கள்

ஏற்றுமதியாளர் வேறு ஆடிட்டரிடம் போய்விட்டார். முறைப்படி அந்த ஆடிட்டரின் கடிதம் வந்தது: பொறுப்பேற்க ஆட்சேபம் உண்டா என்று. இளையவர் போலிருக்கிறது. இல்லை என்று ஒரே வரியில் முடிக்க மனம் வரவில்லை. மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது, கையெழுத்திடும் முன் அதைக் கட்சிக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.