மொட்டைமாடியில் ஒரு வேட்டி: அந்துப்பூச்சிகளை அக்கம்பக்கத்தாருக்குக் காட்டிய அனுபவம்

காட்டுயிர்ப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் எங்கள் தெருவில் அது யானை, புலி, சிங்கவால் குரங்கு ஆகியவற்றோடு முடிந்துவிடும். அவை மலைக்கு மேலே இருப்பவை, அவற்றைக் காப்பது வனத்துறையின் வேலை என்பதே பலரின் எண்ணம். தென்காசிப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலேயே குடியிருந்தும் பல்லுயிர் என்பது வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள சங்கதியாகக் கருதப்படுவது எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. எல்லார் வீட்டு விளக்கிலும் வந்து மோதுகிற, யாரும் திரும்பிப் பார்க்காத அந்துப்பூச்சியை வைத்துப் பேச்சைத் தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 1,300 என்றால், அந்துப்பூச்சி இனங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். வண்ணத்துப்பூச்சிகளில் தமிழ் மறவனுக்கு 2019-இல் மாநிலச் சின்னம் என்ற மதிப்பும் கிடைத்தது; அந்துப்பூச்சிக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் விளக்குமாற்று அடிதான்.

தேவைப்பட்ட பொருள்கள் மிகக் குறைவு. ஒரு பழைய வெள்ளை வேட்டி, கொடிக்கயிறு, புற ஊதா விளக்கு ஒன்று, படம் எடுக்கக் கைப்பேசி, அவ்வளவே. இரவில் வேட்டியைத் திரைபோலக் கட்டி விளக்கை எரியவிட்டால், வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் துணியில் அமரும். 2012 முதல் ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் பல நாடுகளில் அந்துப்பூச்சி வாரம் கடைப்பிடிக்கப்படுவதால் நானும் அப்போதே தொடங்கினேன். ஆனால் எங்கள் ஊரில் அது சாரல் காலம். அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக்காற்றுக்கு வேட்டி எம்மாத்திரம்? காற்று மறையும் பக்கமாகத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கட்டி, கீழ் விளிம்பில் செங்கல் வைத்த பிறகே பூச்சிகள் நிலைத்து அமர்ந்தன. அமாவாசையை ஒட்டிய, மழை சற்றே ஓய்ந்த, புழுக்கமான இரவுகளில்தான் வரத்து மிகுதி. நிலா வெளிச்சத்திலும் பலத்த காற்றிலும் துணி ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பின் வந்த இரவுகள் ஆடியைவிட எனக்கு அதிகம் காட்டின.

விட்டில் விளக்கின் மீது மையல் கொண்டு விழுகிறது என்று நம் கவிகள் பாடிவிட்டார்கள். 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதிவேகப் படக்கருவிகளின் துணையோடு வேறொரு காரணத்தைக் காட்டியது: பறக்கும் பூச்சி வெளிச்சம் இருக்கும் திசையை வானம் என்று கொண்டு முதுகை அதன்பக்கம் திருப்புகிறது, பக்கத்தில் விளக்கு இருந்தால் உடல் சாய்ந்துகொண்டே போய், விளக்கைச் சுற்றும் வலையில் சிக்கிவிடுகிறது. இதைப் படித்தபின், என் விளக்கும் ஒரு பொறிதான் என்பதை மறக்காமல் நடந்துகொள்வது என்று முடிவெடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளக்கை எரியவிடுவதில்லை. பிறகு துணியைச் செடிகளின் மேல் மெல்ல உதறிவிடுவேன். விடியும்வரை விட்டால் கரிச்சானுக்கும் காகத்துக்கும் அது பந்தியாகிவிடும்.

பக்கத்து வீட்டு ஆச்சிதான் முதலில் வந்தவர். "எய்யா, இந்தத் தூசி கண்ணுல பட்டா கண்ணு அவிஞ்சு போகும்லா?" என்று கேட்டார். அது இறகைப் போர்த்தியிருக்கும் நுண்ணிய செதில்தான், கண்ணைக் குருடாக்கும் நஞ்சு அல்ல என்று சொன்னதைவிட, உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்தச் செதில்களை அவரே பார்த்ததுதான் பயனளித்தது. பிரசங்கம் எங்கள் தெருவில் எடுபடாது. கேள்விகளும் எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: இதனால் என்ன பிரயோசனம்? பூவின் முன் அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும் பருந்து அந்துப்பூச்சிகளே பப்பாளிக்கு முக்கியமான மகரந்தத் தூதர்கள் என்று கொல்லையில் நின்ற மரத்தைக் காட்டிச் சொன்னபோது அந்தக் கேள்வி கொஞ்சம் தணிந்தது.

ஆச்சி வீட்டு நந்தியாவட்டையில் விரல் பருமனுள்ள பச்சைப் புழு ஒன்று, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்கள் போன்ற புள்ளிகளோடு, இலைகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அது அரளி, நந்தியாவட்டை போன்றவற்றை உண்டு வளரும் ஒரு பருந்து அந்துப்பூச்சியின் புழு. கூட்டுப்புழுவாகும் காலத்தில் நிறம் மங்கிக் கீழே இறங்கிச் சருகுக்குள் புகும். மருந்து அடிக்க வேண்டாம், செடி மீண்டும் துளிர்க்கும் என்பதற்கு ஆச்சி எளிதில் இசைந்தார். செடியடியில் சருகைக் கூட்டாமல் விடவேண்டும் என்பதற்குத்தான் நெடுநேரம் பேசவேண்டியிருந்தது.

அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தையும் கருப்பட்டியையும் பிசைந்து ஒருநாள் புளிக்கவைத்து மரத்தில் பூசினால் விளக்குக்கு அதிகம் வராதவையும் வருகின்றன. அப்படி வந்ததுதான் பின்னிறகு ஆரஞ்சு நிறத்தில் மின்னும் பழந்துளைக்கும் அந்துப்பூச்சி. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அன்று உடனிருந்தார். பழங்கள் ஏன் துளைபட்டு அழுகி உதிர்கின்றன என்பதற்கு அவருக்கு அங்கே விடை கிடைத்தது. எல்லாப் பூச்சியும் நல்லதே என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அதற்குமேல் நான் சொல்லும் எதையும் அவர் கேட்டிருக்க மாட்டார். இதன் புழு சீந்தில் கொடியைத் தின்று வளர்வது என்று சொன்னதும், ஊரிலுள்ள சீந்திலையெல்லாம் அறுத்துவிடலாம் என்றார். சீந்தில் மருந்துக்கொடி என்பதையும், அதை நம்பி வேறு உயிர்களும் இருப்பதையும் பேசி, தோட்ட வேலியில் உள்ளதை மட்டும் அகற்றுவது, ஓடைக்கரையில் உள்ளதை விட்டுவிடுவது என்று உடன்பட்டோம். அடுத்த காய்ப்பின்போது அந்தப் பழப் பிசையலை அவருடைய தோட்டத்துக்கே கொண்டுபோய், வேலியோர மரம் ஒன்றிலும் ஓடைப்பக்க மரம் ஒன்றிலும் பூசி, எந்தப் பக்கம் அந்த ஆரஞ்சு இறகு அதிகம் வருகிறது என்று இருவரும் எண்ணிப் பார்க்க இருக்கிறோம்.