பால்வெட்டுக் கத்தி விரலில் பட்டபோது

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு விரலில் கத்தி படுவது புதுசில்லை. விடியுமுன் தலை லைட் வெளிச்சத்தில் வேலை, பால் வடிகிற சிரட்டையை நேராக்கப் போன என் இடது ஆள்காட்டி விரலில் கத்தி பட்டுவிட்டது. ஆழமில்லை, ஆனால் ரத்தமும் ரப்பர் பாலும் சேர்ந்து விரல் முழுக்க அப்பிக்கொண்டது.

பக்கத்துத் தோட்டத்து மாமா கம்யூனிஸ்ட் பச்சை என்கிற காட்டுச்செடி இலையைக் கசக்கிக்கொண்டே ஓடிவந்தார். "இதப் பிழிஞ்சு விடு மக்ளே, உடனே நிக்கும்." அந்தச் சாறு ரத்தத்தைக் கட்டும், பொய்யில்லை. ஆனால் கழுவாத இலையும் மண் கையும் திறந்த காயத்துக்குள் போனால் வேறு வினை வரும். "வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டு, துவைத்த துவர்த்தால், அதாவது துண்டால், பத்து நிமிடம், நடுவில் திறந்து பார்க்காமல் அழுத்திப் பிடித்தேன். ரத்தம் நின்றது.

அடுத்தது கழுவுவது. என்னைக் கேட்டால் பாதி வைத்தியம் இதுதான். பைப்பைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் காட்ட வேண்டும், சோப்பு காயத்தைச் சுற்றி மட்டும். காய்ந்த ரப்பர் பாலை வெடுக்கென்று இழுத்தால் காயத்தின் வாய் மறுபடி பிளக்கும். ஓரத்திலிருந்து மெல்ல உருட்டி உருட்டித்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம்தான் போவிடோன் அயோடின், அந்தப் பழுப்பு மருந்து. ரத்தமும் அழுக்கும் மிச்சமிருந்தால் அயோடின் அதிலேயே பலத்தை இழந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. அதனால்தான் கழுவாமல் போட்டுப் பிரயோஜனமில்லை. சுத்தமான காஸ் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, இரண்டு மூன்று நிமிடம் காயவிட்டுக் கட்டினேன்.

வீட்டில் அம்மா டெட்டாலை அப்படியே ஊற்ற வந்தார், எரிந்தால்தான் கிருமி சாகும் என்று. பாட்டிலிலேயே தண்ணீர் கலக்கச் சொல்லித்தான் போட்டிருக்கிறது, கலக்காமல் விட்டால் தோலே வெந்துபோகும். நுரை பொங்குகிற ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான், புதுசாக வளர்கிற தசையையும் சேர்த்து அரிக்கும். தினமும் அதை ஊற்றிக் காயத்தை ஆறவிடாமல் வைத்திருப்பவர்களைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

வெயில் ஏறியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டேன். சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 10 வருடம் வரை கவலையில்லை, மண் அழுக்கு பட்டது என்றால் 5 வருடம்தான் கணக்கு.

நம்மூர் சாரலில் கட்டு சீக்கிரம் நனைந்துவிடும், நனைந்த கட்டோடு இருந்தால் தோல் வெளுத்து ஊறிப்போகும். அதனால் ஈரமானால் உடனே மாற்றினேன், இல்லாவிட்டால் தினம் ஒரு தடவை. காயத்தின் வாய் மூடத் தொடங்கியதும் பழுப்பு மருந்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் கழுவிக் கட்டியதே போதுமாக இருந்தது.

சிவப்பு பரவினாலோ, விண்விண்ணென்று தெறித்தாலோ, சீழ் வைத்தாலோ, விரலை மடக்க முடியாவிட்டாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். தைராய்டு பிரச்சனை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அயோடின் மருந்தைக் கேட்காமல் போடக்கூடாது. அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், அவருக்கு எது போடலாம் என்று ஊசி போட்ட இடத்திலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.