எலி நுரையீரலை மைக்ரோ சிடியில் படமெடுத்த அனுபவம்

மருத்துவமனை சிடி ஸ்கேனில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளவை கலங்கிப்போகும். மனிதரின் காற்று நுண்ணறை ஒன்றின் குறுக்களவே சுமார் 0.2 மி.மீ.தான், எலிக்கு அதைவிடச் சிறியது. என் ஆய்வுக்கு அந்த நுண்ணறைகள்தான் தேவைப்பட்டன. அதனால் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு வோக்சலில், அதாவது முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனப்புள்ளியில், மைக்ரோ சிடி என்ற நுணுக்கமான சிடி எடுக்க இறங்கினேன்.

படம் நன்றாக வருமா வராதா என்பது ஸ்கேனரைத் தொடும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. மார்புக்கூட்டைத் திறந்ததும் நுரையீரல் தன் மீள்தன்மையாலேயே சுருங்கிவிடும். அப்படியே ஸ்கேன் செய்தால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே மூச்சுக்குழாயில் சன்னமான குழாயைச் செருகி, நூலால் இறுகக் கட்டி, உயரத்தில் வைத்த புட்டியிலிருந்து, திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தும் ஃபார்மலினை உள்ளே இறங்கவிட வேண்டும். திரவ மட்டம் நுரையீரலுக்கு மேல் 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும். சிலர் சிரிஞ்சைக் கையால் அழுத்திவிடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எவ்வளவு அழுத்தத்தில் விரிந்தது என்றே தெரியாத நுரையீரலில் நுண்ணறையின் பருமனை அளந்து என்ன பயன்? புட்டி முறையில் வலப்பக்க மடல்கள் நான்கும் இடப்பக்கத்து ஒற்றை மடலும் நிதானமாக விரிந்து, ஓரங்கள் உப்பி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்புறம் சாயம். திரவத்தில் ஊறிய திசுவும் அந்தத் திரவமும் எக்ஸ் கதிரைக் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் உறிஞ்சுகின்றன. சாயம் ஏற்றாவிட்டால் நுண்ணறைச் சுவர் தெரியாது. அயோடின் கையாள எளிது, ஆனால் திசுவைச் சுருக்கும். ஆஸ்மியம் டெட்ராக்சைடு சுவரை அழகாகக் காட்டும்; அதன் ஆவியோ கண்ணையே கெடுக்கக்கூடிய நஞ்சு. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அறைக்குள் வைத்து, சிறு துண்டுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினேன். சின்க்ரோட்ரான் (மிகச் செறிவான எக்ஸ் கதிர் தரும் பெரிய துகள் முடுக்கி) வாய்ப்பு உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே காற்று நிரம்பிய நுரையீரலில், காற்றும் திசுவும் சந்திக்கும் எல்லை சாயமில்லாமலே பளிச்சென்று விழும்.

ஸ்கேனில் சொல்ல அதிகமில்லை. துண்டை அகரோஸ் என்ற ஜெல்லில் பதித்து, அசையாமல் நிறுத்தி, சுழலவிட வேண்டும். சற்று நகர்ந்தாலும் சுவர்கள் இரட்டையாகத் தெரியும். ஒரு பக்கத்துக்கு 2000 வோக்சல் என்றால் மொத்தம் 800 கோடி. வோக்சலுக்கு 16 பிட் (2 பைட்) வீதம் ஒரே கோப்பு 16 ஜிபி. சாதாரணக் கணினி திணறும்.

உண்மையான மல்லுக்கட்டு இதற்குப் பிறகுதான். பாடப்புத்தகத்தில் நுண்ணறைகள் திராட்சைக் கொத்தாகத் தனித்தனியே தொங்கும். முப்பரிமாணப் படத்தில் அப்படி எதுவும் கிடையாது. பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு ஒரே சுவர். ஒவ்வோர் அறையும் ஒரு பக்கம் அகலத் திறந்து நடுவிலுள்ள காற்று நாளத்தோடு கலந்துவிடுகிறது. அறை எங்கே முடிகிறது, நாளம் எங்கே தொடங்குகிறது? படத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் வாட்டர்ஷெட் என்ற கணினி முறை குறுகலான இடத்தில் வெட்டிப் பிரிக்கும். மென்பொருளில் அதன் அமைப்பைக் (செட்டிங்) கொஞ்சம் மாற்றினால் ஓர் அறை இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். சுவரில் தெரியும் ஓட்டைகளும் அதே கதைதான். அறைகளுக்கிடையே கோன் துளைகள் என்று இயற்கையாகவே சில மைக்ரான் துளைகள் உண்டு. ஆனால் மெல்லிய சுவர் வோக்சலுக்குள் கரைந்துபோனாலும் துளைபோலத்தான் தெரியும். சந்தேகம் வந்த இடங்களை அதே துண்டிலிருந்து வெட்டிய மெல்லிய சீவல்களில், நுண்ணோக்கியில் சரிபார்த்தேன்.

கடைசியில், மென்பொருள் தந்த நுண்ணறை எண்ணிக்கையை முடிவாக எழுதவில்லை. காற்றின் கன அளவையும் சுவரின் மேற்பரப்பையும் ஸ்கேனிலிருந்து எடுத்துக்கொண்டேன். எண்ணிக்கைக்கு அறைகளின் திறந்த வாய்களைக் கணக்கிடும் பழைய ஸ்டீரியாலஜி (சீவல்களில் எண்ணி முழு உறுப்புக்கும் கணிக்கும்) முறைக்கே போனேன். வாட்டர்ஷெட் அமைப்புகளை முழுசாகப் பின்னிணைப்பில் கொடுத்துவிட்டேன். வேறு எண் வேண்டுபவர்கள் மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.