பீரோவுக்குள் ஒரு சிவப்புச் சீசா

ஜனவரி 5

இன்றும் தாளிக்கவில்லை. கடுகு வெடிக்கிற வாசத்துக்கே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பொடக்காலிக்குப் போய்விடுகிறார். மருந்து ஏற்றி நாலாம் நாள், எப்போதும் இப்படித்தான். மல்லி, சாம்பிராணி, வாசனை சோப்பு எல்லாம் வீட்டைவிட்டுப் போயாச்சு. என் சிவப்பு சென்ட் சீசா பீரோவில், சேலைகளுக்கு அடியில்.

ஜனவரி 6

மூடியைத் திறக்கவில்லை. சேலை மடிப்பில் மூக்கை வைத்தேன். அது போதும்.

ஜனவரி 8

தூக்கம் வரவில்லை. அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

அதன் பெயர் ஹிப்னாடிக் பாய்சன். தியோர் என்கிற பிரெஞ்சுக் கம்பெனி 1998ல் கொண்டுவந்தது, செய்தவர் ஆனிக் மெனார்டோ. பெயரில் விஷம் இருப்பதால் இந்த வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அடித்ததும் கசப்பு பாதாம். கூடவே சீமைச்சீரகம் லேசாகக் காறும். அப்புறம் மல்லி, கடைசியில் மணிக்கட்டில் வெனிலா மட்டும் ராத்திரி வரை தங்கும். பாயசம் ஆறிய பாத்திரத்தில் முகத்தை வைத்தது போல.

தின்பண்ட வாசம் அடிக்கிற சென்ட்டைக் குழந்தைத்தனம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அம்மா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாத வீட்டில், நான் அடுப்படியில் நின்றபடி அவசரமாக விழுங்கிவிட்டு வருகிறேன். ஒவ்வொரு கவளமும் திருட்டு மாதிரி இருக்கிறது. இந்த வாசம் ஒன்றுதான் குற்றவுணர்வு இல்லாமல் உள்ளே போகிற இனிப்பு.

ஜனவரி 9

அம்மாவின் எடை 41 கிலோ.

ஜனவரி 11

அம்மாவுக்காக ஊறவைத்த பாதாமைத் தோலுரிக்கும்போது முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை, ஈர வாசம்தான். நாம் தின்கிற பாதாமுக்கு அந்த மணம் கிடையாது. அது கசப்பு பாதாமுடையது. நசுக்கி நனைத்தால் அதிலுள்ள அமிக்டலின் என்கிற பொருள் உடைந்து, மணம் தருகிற பென்சால்டிஹைடும் கூடவே சயனைடும் வரும். சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட்) விதைப் பருப்பிலும் அதே கதை. சென்ட்டில் சேர்வது சயனைடு இல்லாத மணம் மட்டும்.

ஹீலியோட்ரோப்பின் என்று இன்னொரு மணப்பொருள் உண்டு. பாதாமும் வெனிலாவும் பவுடரும் கலந்தாற்போல மணக்கும். 1869ல் அதை முதலில் எடுத்தது மிளகின் காரச்சத்திலிருந்து. கெர்லான் கம்பெனி 1912ல் செய்த லேர் ப்ளூ சென்ட்டில் அதுதான் மெத்தென்று கிடக்கிறது. மிளகுக்குள் இப்படி ஒரு மெத்தை இருக்குமென்று யார் நினைப்பார்கள்!

பாதாம் பாலில் மணப்பது ஏலக்காயும் குங்குமப்பூவும். அப்படியென்றால் சீசாவைத் திறந்ததும் 'பாதாம்' என்று என் மூக்குக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

ஜனவரி 13

நோம்பிக்கு நாட்டுச்சர்க்கரை வாங்கக் கவுந்தப்பாடிப் பக்கம் போனேன். ஆலைக்கொட்டாயில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. 1992ல் வந்த மியூக்லரின் ஏஞ்சல் சென்ட்டில் எத்தில் மால்டால் என்கிற மணப்பொருளைப் போட்டுக் கொண்டுவந்த அந்தப் பஞ்சுமிட்டாய் வாசம் எல்லாம் இதற்குப் பங்காளிதான். கொப்பரை ஓரமாக வெகுநேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அம்மாவிடம் போனேன்.

ஜனவரி 14

காப்புக்கட்டு. பூளைப்பூவுக்கு வாசமில்லை. அம்மா ஒரு கொத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 16

அம்மாவின் பழைய மரச் சீப்பு பெட்டிக்குள் கிடந்தது. ஐப்பசிக்கு அப்புறம் யாரும் தொடவில்லை. பல்லிடுக்கில் நாலைந்து முடி. முகர்ந்தேன்.

பாதாம் தலையெண்ணெய்! கண்ணாடிப் புட்டியில் வரும். நான் காலேஜ் போகும்போது அம்மா வாங்கிவந்து என் தலையில் தேய்த்துவிட்டு, மிச்சத்தைத் தன் கொண்டையில் வழித்துக்கொள்வார். என் மூக்குக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

சீப்பைத் துடைக்காமல் வைத்துவிட்டேன்.

ஜனவரி 19

"அம்மிணி, உஞ்சேலையில என்ன வாசம்?"

எனக்கு உயிரே போய்விட்டது. "மாத்திட்டு வந்தர்றனுங்ம்மா" என்றேன்.

"இருக்கட்டும். அந்தத் தலையெண்ணெயாட்டம் இருக்குது."

முந்தானையைப் பிடித்து இன்னொரு தரம் முகர்ந்தார். குமட்டவில்லை. மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம் நாலு வாய்.

ஜனவரி 20

ஆறு வாய்.

ஜனவரி 22

நாளை கோயமுத்தூர். ஐந்தாவது மருந்து. நாலு மணிக்குக் கார் சொல்லியிருக்கிறது. ரிப்போர்ட், பிளாஸ்க், போர்வை எடுத்தாயிற்று. எந்தச் சேலை என்றுதான்