புரூக்ளினில் ஆறாம் வகுப்புக்கு விண்ணப்பித்த அனுபவம்: பேச்சை நம்பி வரிசை போடாதீர்கள்

நியூயார்க்கில் ஆறாம் வகுப்புக்கு நடுநிலைப் பள்ளிக்கு மாற வேண்டும்; அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பிள்ளை ஐந்தாம் வகுப்பு வந்துவிட்டால், அக்டோபர் முதல் பெற்றோர் பேச்சு முழுக்க ஆறாம் வகுப்பைப் பற்றித்தான். புரூக்ளினின் 15ஆம் பள்ளி மாவட்டத்தில் இதைக் கடந்து வந்தவர்கள் என்ற முறையில், அடுத்து விண்ணப்பிப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

விண்ணப்பம் நகரக் கல்வித்துறையின் ‘மைஸ்கூல்ஸ்’ தளத்தில். அதிகபட்சம் 12 பள்ளிகளை விருப்ப வரிசையில் போடலாம். முதல் நாளே அனுப்பினாலும் கடைசி நாளில் அனுப்பினாலும் ஒன்றுதான். நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியாது. அதனால் "கிடைக்காத பள்ளியை முதலில் போட்டால் ஓர் இடம் வீண்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உண்மையில் பிடித்த வரிசையிலேயே போடுங்கள். ஒரே பள்ளியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. அது கிடைக்காவிட்டால், இடம் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு பள்ளிக்கு ஒதுக்கிவிடுவார்கள்.

இடத்தைவிடக் கேட்பவர்கள் அதிகமானால் யாருக்கு முதலில் இடம் என்று முடிவுசெய்வது குலுக்கல் எண். அதைப் பார்த்துப் பலர் மிரண்டுபோகிறார்கள். 0 முதல் 9 வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்த 32 குறிகள் அதில் இருக்கும். முதல் குறியைப் பார்த்தாலே போதும். 3 என்று தொடங்கினால் நீங்கள் முதல் கால் பங்குக்குள் இருக்கிறீர்கள். சி என்று தொடங்கினால் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் உங்களுக்கு முன்னால். எல்லாப் பள்ளிக்கும் இதே எண்தான். பள்ளிவாரியாக எத்தனை இடம், போன ஆண்டு எத்தனை பேர் கேட்டார்கள் என்பதும் தளத்திலேயே இருக்கிறது. எண் பின்தங்கியிருந்தால் நெரிசல் குறைந்த பள்ளிகளையும் கீழே சேருங்கள்.

இனி பெற்றோர் பேச்சு. இந்த மாவட்டத்தில் 11 நடுநிலைப் பள்ளிகள். 2018 வரை மதிப்பெண், வருகைப்பதிவு, நேர்காணல் என்று சலித்துத்தான் பெரும்பாலும் சேர்த்தார்கள். பார்க் ஸ்லோப் பகுதியின் வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பள்ளிகளில் குவிந்தார்கள். சன்செட் பார்க், ரெட் ஹூக் பக்கத்து லத்தீன், கறுப்பினப் பிள்ளைகள் மற்ற பள்ளிகளுக்குப் போனார்கள். 2019 சேர்க்கையிலிருந்து இப்படிச் சலித்தெடுக்கும் முறையை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பள்ளியிலும் 52% இடங்களுக்கு வருமானம் குறைந்தவர்கள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், நிலையான வீடில்லாதவர்கள் என்ற பிரிவினருக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். முதல் ஆண்டே வகுப்பறைகளின் கலவை நன்றாக மாறியது.

விதி மாறியது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. திரும்பத் திரும்ப வருவது அதே மூன்று நான்கு பெயர்கள்தான். பேசுகிறவர்கள் பெரும்பாலும் நேரமும் ஆங்கிலமும் கைவசம் உள்ளவர்கள். சன்செட் பார்க்கின் ஸ்பானிஷ், சீனம் பேசும் தாய்மார்கள் அந்தப் பேச்சில் இல்லை. இனத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அது கொஞ்சம் முரட்டுப் பள்ளியாமே" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி ஒரு வரி வந்தால் நாங்கள் கேட்கும் கேள்வி: உங்கள் பிள்ளை அங்கே படித்ததா, எந்த ஆண்டு, எந்த வகுப்பு? பலமுறை பதிலே வராது, அல்லது "யாரோ சொன்னார்கள்" என்று வரும். அப்படிப்பட்ட தகவலை வைத்து ஒரு பள்ளியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். நம் தமிழ்க் குடும்பங்களும் அதே பட்டியலை அப்படியே நகலெடுப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பத்துக்கு இத்தனை என்று பள்ளிக்கு மதிப்பெண் போடும் தளங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தேர்வு மதிப்பெண் குடும்ப வருமானத்தோடு ஒட்டியே நடக்கும். ஆகவே பிள்ளைகள் ஓராண்டில் எவ்வளவு முன்னேறுகிறார்கள், எத்தனை பேர் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள், ஆசிரியர்கள் தலைமையாசிரியரை நம்புகிறார்களா என்று பாருங்கள். கல்வித்துறையின் பள்ளித் தர அறிக்கையும் ஆண்டுக் கருத்துக்கணிப்பும் இலவசம். பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாளில் அரங்கத்தோடு திரும்பாமல், வகுப்பு மாறும் மூன்று நிமிடம் நடைபாதையில் நில்லுங்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, கத்துகிறார்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

வதந்தியால் பள்ளிக்கு வரும் நட்டம் உண்மையான நட்டம். 2007 முதல் பள்ளிகளுக்கு நகரம் தரும் நிதியில் பெரும்பங்கு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே போகிறது. ஆள் குறைந்தால் பணம் குறையும், இசை ஆசிரியரோ ஆலோசகரோ போவார், அடுத்த ஆண்டு வதந்தி மெய்யாகிவிடும்.

வசந்த காலத்தில் முடிவு வந்ததும், கிடைத்த இடத்தைக் கெடுவுக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேலே நீங்கள் போட்டிருந்த பள்ளிகளின் காத்திருப்புப் பட்டியலில் உங்கள் பெயர் தானாகவே இருக்கும். ஏற்றுக்கொண்டதால் அது போய்விடாது.