செம்பருத்தி மணப்பாகு: கொழகொழப்பும் இல்லை, நிறமும் போகவில்லை

தண்ணீரில் கலந்து குடிக்கும் செம்பருத்தி மணப்பாகு ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. கரண்டியில் எடுத்து ஊற்றினால் நூல் இழுக்காமல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. செம்பருத்தியில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு.

பூ, ஐந்திதழ் சிவப்பு நாட்டுப்பூ. அடுக்குப்பூவில் உள்ளிதழுக்குள் எறும்பும் மகரந்தமும் சிக்கிக்கொண்டு சுத்தம் செய்து மாளாது. பச்சைப் புல்லியையும் நடுத்தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு, இதழின் அடியிலும் ஒரு நகக்கண் அளவு கிள்ள வேண்டும். புல்லி சேர்ந்தால் கொழகொழப்பு, மகரந்தம் சேர்ந்தால் கலங்கல். இதழை நறுக்காமல் முழுதாகவே போட வேண்டும். மிக்சி பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அளவு: இதழ் 100 கிராம், தண்ணீர் 400 மி.லி., எலுமிச்சைச் சாறு 60 மி.லி., சர்க்கரை 800 கிராம்.

எலுமிச்சையை எப்போது ஊற்றுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதழைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, சர்க்கரை போட்டுக் கம்பிப்பதம் காய்ச்சி, கடைசியில் எலுமிச்சை பிழிவதுதான் வழக்கம். ஊதாவாக இருந்தது பளிச்சென்று சிவப்பாவதைக் காட்ட வீடியோக்காரர்களுக்கும் அதுதான் வசதி. ஆனால் செம்பருத்தியின் நிறச்சத்து புளிப்பில்தான் நிலைக்கும். புளிப்பில்லாத தண்ணீரில் கொதிக்கும்போதே ஒரு பங்கு அழிந்து பழுப்பாகிவிடும். அப்புறம் எத்தனை பழம் பிழிந்தாலும் போனது போனதுதான். அதனால் எலுமிச்சை முதலில், பூ பிறகு.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிட்டுச் சாற்றை ஊற்றி, இதழ்களைப் போட்டு, மிதக்காதபடி ஒரு தட்டால் அமுக்கி மூடுகிறேன். பத்து நிமிஷம் போதும். நிறம் சீக்கிரமே இறங்கிவிடும். அதற்குமேல் ஊறினால் வருவதெல்லாம் கொழகொழப்பு. இதழ் வெளிறியதும் வடித்துவிட வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம். உப்புத்தண்ணீரின் காரத்தன்மை எலுமிச்சையின் புளிப்பைத் தின்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ சரி.

வடிக்கப் பழைய வேட்டித்துணி. எவர்சில்வர் வடிகட்டி இதற்கு உதவாது. துணியை மூட்டை கட்டித் தொங்கவிட்டுக் கை வைக்காமல் இருக்க வேண்டும், பிழியவே கூடாது. முதலில் ஓடிவருவது தண்ணீர் மாதிரி இருக்கும். கடைசியில் நூலாக இறங்குவது வேறு சரக்கு. அதற்கு வேறு கிண்ணம் வைத்துவிடுங்கள். தலைக்குத் தேய்த்துக்கொள்ள அதுதான் அருமை!

வடிந்ததை எடை போட்டு அதற்கு இரட்டிப்புச் சர்க்கரை. ஏறக்குறைய 400 கிராம் கிடைக்கும், அந்தக் கணக்குக்குத்தான் 800. கூடக்குறைய வந்தால் சர்க்கரையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மருந்து சிரப்புக்கான சாதா சர்க்கரைப்பாகும் இதே கணக்குதான், எடையில் 66.7 சதவீதம். இதனால் கம்பிப்பதத்துக்குக் கொதிக்கவைக்கும் வேலையே இல்லை. கை பொறுக்காத சூட்டில் கிண்டிக் கரைத்தால் போதும், நிறமும் தப்பிக்கும். சர்க்கரை குறைந்தால் நுரைத்துப் புளிக்கும். மிஞ்சினால் அடியில் கற்கண்டு கட்டும். கட்டக் கட்ட மேலே உள்ள பாகு நீர்த்துக்கொண்டே போய், அதுவும் புளிக்கும்.

கருப்பட்டி போட்டால் சத்து என்று சொல்வார்கள். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள், கருப்பட்டியின் நிறமும் கருமை. இரண்டும் சேர்ந்தால் சிவப்பு எங்கே நிற்கும்? ருசி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கஷாய நிறம். இரும்புச் சட்டியிலும் கறுத்துவிடும்.

200 மி.லி. குளிர்ந்த தண்ணீருக்கு 30 மி.லி. பாகு, ஒரு சிட்டிகை உப்பு. பாலில் கலக்க இது ஆகாது, திரிந்துவிடும். வெளிறிய இதழை வற்றல்மிளகாய், உளுத்தம்பருப்போடு வதக்கித் துவையல் அரைக்கலாம். எலுமிச்சை ஏறியிருப்பதால் புளி பாதி போதும்.

நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த பூ வாங்குவதாக இருந்தால் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். கருஞ்சிவப்பாக இருந்தால் வாங்கலாம், பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு. தண்டும் புல்லியும் சேர்த்துத்தான் நிறுத்துத் தருகிறார்கள், விலை மட்டும் இதழ் விலை. நர்சரியில் புதிதாக வாங்கிய செடியின் பூவையும் உடனே அடுப்பேற்ற வேண்டாம். மாவுப்பூச்சிக்கு என்ன அடித்தார்களோ!

‘செம்பருத்தி டீ’ என்று ஆன்லைனில் வரும் புளிப்பான காய்ந்த சரக்கு பெரும்பாலும் இந்தப் பூவே அல்ல. அது ரோசெல், புளிச்சகீரை இனத்தின் சிவந்த, சதைப்பற்றான புல்லி. எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்று குடிப்பது அதைத்தான். புளிப்பு அதிலேயே இருப்பதால் எலுமிச்சை தேவையில்லை. ஆடிப்பட்டத்தில் விதைக்க உத்தேசம். பகல் குறையும்போதுதான் அது பூக்கும், தையில் விதைத்துவிட்டு வெயில்காலத்தில் காத்திருந்து பயனில்லை. கீரைக்காக விற்கும் பச்சைத்தண்டு விதை வேண்டாம், சிவப்புப் புல்லி ரகம்தான் வேண்டும். விதைக்காரர்களிடம் இதைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள்.

இப்போதைக்கு ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜில், இன்னொன்று வெளியே அலமாரியில். வெளியே இருப்பதன் கழுத்தில் நுரை கட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாகு ஆறுவதற்குள் மூடி போட்டால் உள்ளே வியர்த்து மேல்மட்டம் நீர்த்துவிடும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். இந்த முறை முழுக்க ஆறவிட்டுத்தான் மூடியிருக்கிறது.