கையால் ஓட்டிய நிரல்கள்

பாஸ்கல் என்ற கணினி மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த் 2024 புத்தாண்டு நாளில் காலமான செய்தியைப் படித்ததும் மனம் நேரே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்குப் போய்விட்டது. அந்த மொழியை எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியரும், நாங்கள் ‘சேர்’ என்று அழைத்தவரும், இப்போது இல்லை. இந்த மலரில் அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பின் படித்த அணியினருக்கு கணினி ஓடக்கூடிய அந்த ஜெனரேட்டர் நேரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நிரலைத் தாளில் எழுதி, கையாலேயே ஓட்டிக் காட்டியவருக்குத்தான் சேர் கணினியைத் தொட அனுமதி தருவார். 7, 3, 9, 2 என்று நான்கு எண்களைக் கரும்பலகையில் எழுதுவார். குமிழி வரிசையாக்கம்: பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு, பெரியது முன்னால் இருந்தால் இடம் மாற்றிக்கொண்டே போவது. நிரலில் பெறுமானத்தை வைத்திருக்கும் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரை கீறி, பெறுமானம் மாறும்போதெல்லாம் பழையதன்மேல் ஒரு கோடிட்டு, புதியதை அதன் பக்கத்தில் எழுத வேண்டும். முதற்சுற்றில் 3, 7, 2, 9. அடுத்ததில் 3, 2, 7, 9. மூன்றாவதில்தான் 2 முன்னால் வரும். அழிறப்பரைத் தொடவே விடமாட்டார். “கணினி பழைய பெறுமானத்தை மறந்துவிடும். நீர் மறக்கக்கூடாது” என்பார். பாஸ்கலில் ‘இல்லாவிட்டால்’ என்று பொருள்படும் எல்ஸ் (else) என்ற சொல்லுக்கு முன் அரைப்புள்ளி இருந்தால் அந்த இடத்தைப் பேனா முனையால் தொட்டுக்காட்டி, பேசாமல் தாளைத் திருப்பித் தருவார். ஏன் பிழை என்பதை நாமே கண்டுபிடித்துக்கொண்டு வரவேண்டும்.

இன்று இலண்டன் அலுவலகத்தில் பிழைதிருத்தி மென்பொருளில் நிரலை வரிவரியாக ஓட்டி, மாறிகள் மாறுவதைத் திரையில் பார்க்கிறேன். ஜாம் போத்தல் விளக்கின் கீழ் நாம் கீறிய அதே அட்டவணைதான் அது. இந்தத் தொழிலில் எனக்குச் சோறு போடுவது அந்தப் பொறுமை.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது சேரும் எல்லோரோடும் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார். மறுவருடம் திரும்பிப் போய், அதே முதலாம் வருடப் பாடத்தை மீண்டும் தொடங்கினார். நாங்கள் கொழும்புக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் வந்துவிட்டோம். அவருக்குப் பக்கத்தில் நின்று படிப்பித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். படிப்பிக்க ஆளில்லை என்பதைக் கடைசிவரை கடிதங்களில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் நினைவாகக் கணினிகள் அனுப்பலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அனுப்புவோம். ஆனால் அவர் கேட்டது ஆட்களை. விடுமுறையில் ஊர் போகிறவர்கள் சில நாட்களாவது முதலாம் வருடப் பிள்ளைகளோடு தாளும் பேனாவுமாக இருந்துவிட்டு வாருங்கள். வருகிற ஆடியில் நான் போகிறேன்.